மூன்றாவது அடைப்பு

கோவிந்தாபுரம் எடைமேடையில்
லாரிக்கு ஒரு வரிச் சீட்டு:
வண்டி எண், சரக்கு, எடை.
அந்த வரியைப் பிரித்தெடுக்க
மூன்று அடைப்புக்குறி போட்டிருந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணிக் கூப்பிட்டால் வரும்.
பெயர் எதற்கு என்று நினைத்தேன்.

பேபிச்சன் தேதியும் வேண்டும் என்றார்.
முன்னால் ஓர் அடைப்பைச் செருகினேன்.
ராத்திரி ஒன்றரைக்குக் கொழிஞ்சாம்பாறைக்குப் போன்:
"மோளே, எடைக்கட்டத்துல தக்காளின்னு வருது.
எத்தன தக்காளின்னு டிரைவர் சிரிக்கறான்."
பந்தியில் ஒருவர் தலைப்பில் வந்து உட்கார
எல்லா இலையும் ஒன்று தள்ளிப் போயிருந்தது.

விளக்கேட்டைத் திறந்தேன்.
அடைப்புக்குள் முதலில் கேள்விக்குறி,
பிறகு கூர்க்குறிகளுக்கு நடுவே பெயர்.
கேள்விக்குப் பின்னால்தான் பெயராம்.
வைத்தேன்: தேதி, வண்டி, சரக்கு, எடை.
இனி யார் முன்னால் வந்து உட்கார்ந்தாலும்
எடை என்றால் எடைதான் திரும்பிப் பார்க்கும்.
எந்தப் பெயர் எத்தனையாவது அடைப்பு,
அதற்கும் நூலகமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது;
கேட்டால் காட்டும்.

காலி வண்டிக்கும் எடை உண்டே என்று
இன்னோர் அடைப்புக்கும் எடை என்றே வைத்தேன்.
ஏற்கவில்லை.
ஒரு பெயர் ஒருவருக்குத்தானாம்.
இந்தச் சாலையில் நாலு நாச்சிமுத்து ஓட்டுகிறார்கள்,
இரண்டு பேர் தமிழ்நாட்டு நம்பர், இரண்டு பேர் கேரளம்.
செக்போஸ்ட் ஒருத்தரையும் திருப்பி அனுப்பியதில்லை.

கடைசியாக ஓட்டுநர்.
இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று
அந்த அடைப்புக்கு வெளியே ஒரு கேள்விக்குறி.

மறுநாள் மேடைக்கே போனேன்.
தக்காளி லாரி ஏறி நின்றது.
ஸ்டீயரிங்கில் கிளீனர்,
டிரைவர் பக்கத்து சீட்டில் வாய் திறந்து தூக்கம்.
பேர் என்ன தம்பி என்றேன்.
மீசைக்குப் பதில் வியர்வை.
"எழுத வேண்டாங்க்கா."

சீட்டு வந்தது.
நூலகத்திடம் 'ஓட்டுநர்' என்று கேட்டேன்.
தெரியாத பெயரைக் கேட்டால் சண்டைக்கு வரும்,
இதற்கு வரவில்லை.
பட்டியலில் பெயர் இருந்தது, ஐந்தாவதாக.
பிடிபட்டது ஒன்றுமில்லை என்றது.

அவன் இறங்காமலே எடை போட்டார்கள்.
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
அதில் அவன் ஒரு நாற்பத்தைந்து இருப்பான்.