மூன்றாம் தளத்தின் சரிவு

எங்கள் ஆட்டத்தில் ரத்தம் கிடையாது.
விழுந்தால் நட்சத்திரம் சிதறும்,
ஸ்கேட்போர்டு தானாக வந்து காலடியில் நிற்கும்.
குடும்பத்தோடு ஆடலாம் என்று அட்டையிலேயே போட்டோம்.

மூன்றாம் தளத்தில், துறைமுகச் சரிவில்,
ஒரு மஞ்சள் டின் வைக்கச் சொன்னாள் ஹெட்விக்.
விளம்பரம் இல்லையாம், உயிராம்.
எடுத்துக் குடித்தால் மூன்று இதயம் நிரம்பும்.
அதன் நிழல் சரியாக விழ ஒரு வாரம் ஆயிற்று.
குளிரில் வியர்த்த துளிகளையும் வரைந்தேன்,
யாரும் கேட்காமலே.

சனிக்கிழமை, மால்மோ.
கடற்காற்று வீசும் கான்கிரீட் குழி.
பெரிய பையன்கள் ஒதுங்கி வழிவிட
என் மகள் டூவா, ஆறு வயது,
இறங்கினாள். பாதி தூரம் அழகாகத்தான்.

முட்டி பிய்ந்தது.
அழவில்லை. ரத்தத்தை
பெட்டியில் இல்லாத வண்ணத்தைப்போலப் பார்த்தாள்.
பிறகு ஸ்கேட்போர்டைப் பார்த்தாள்.
அது வரவில்லை;
எதிர்ச்சரிவில் ஏறி இறங்கி
எவனோ ஒருவன் காலில் இடித்து நின்றது.

"அப்பா, அந்த மஞ்சள் டின்."

இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது.
பானத்தின் பெயரை மட்டும்
பிசகாமல் சொன்னாள்.

என் பையில் தண்ணீர்தான் இருந்தது.
கழுவினேன். எரிகிறது என்றாள்.
ஊதச் சொன்னாள், ஊதினேன்.

இப்போது எத்தனை இதயம்
என்று கேட்டாள்.