டுமாரோ ஐ கேம்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மாலை ஏழு முதல் எட்டரை.
‘முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று
வாசல் பலகையில் எழுதிவைத்தது
எனக்கு முன்னால் வாடகைக்கு இருந்தவர்.
நான் அழிக்கவில்லை.
பொய்தான்,
ஆனால் எழுத்துப்பிழை இல்லாத பொய்.

தணிகாசலம் தரமணியில்
ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு செக்யூரிட்டி.
சீருடையோடு வருவார், தொப்பி மட்டும் மடியில்.
‘எஸ்டர்டே ஐ கம், மேடம்.’
‘கேம்’ என்றேன்.
‘கேம்’ என்றார். ஆனால் விடவில்லை.
‘எஸ்டர்டேன்னு முதல்லயே சொல்லிட்டேனே,
கம்முக்கு எதுக்கு மேடம் இன்னொரு தடவை தேதி போடணும்?’

வகுப்பே என்னைப் பார்த்தது.
தமிழில் மட்டும் ‘நேத்து வர்றேன்’ என்பீர்களா என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
ஜெயித்துவிட்டேன்.
வேளச்சேரி ரயில் கடந்து போன பிறகும்
அந்தக் கேள்வி மட்டும்
எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

மெஹருன்னிசா நர்சிங் பரீட்சைக்குப் படிக்கிறாள்.
எழுதும் எல்லா நோயாளிக்கும் முன்னால் ஒரு ‘தி’.
முதல்முறை சொல்லும்போது ‘எ’ போட வேண்டும் என்று
நாலு தடவை சிவப்பில் சுழித்தேன்.
‘வார்டுல யாரும் ‘எ’ இல்லை மேடம்,
ஒவ்வொருத்தருக்கும் பேர் இருக்கு’ என்றாள்.
ஒரு மார்க் குறைத்தேன்.

எனக்கும் ஒரு நேற்று உண்டு.
பெருங்குடியில், பல் கிட்டும் ஏசி அறையில்,
‘வீ டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று நான் தொடங்கியதும்
எதிரே இருந்தவரின் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது.
வேண்டாத இடத்தில் ஒரு அபவுட்.
அவ்வளவுதான்.
அந்த ஓரத்துக்குப் பயந்துதான்
இலக்கணம் முழுவதையும் படித்தேன்.
யாராவது கேட்டால் மொழிமேல் ஆசை என்பேன்.
சிவப்புப் பேனா டஜன் கணக்கில் வாங்குகிறேன்.

கடைசி பெஞ்சில் துஷ்மந்த், ஊர் பலாங்கீர்.
மாதவரம் பேக்கரியில் மாவு பிசைகிறான்,
நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை.
இங்கே அவன் இரண்டு மொழி கற்கிறான்.
ஒன்றுக்குத்தான் ஃபீஸ் வாங்குகிறேன்.
‘நேத்து நான் வரும் டீச்சர், மழை, பஸ் இல்லே.’
ஒருவரும் திருத்துவதில்லை.
அது அன்பா,
இவனுக்கு இவ்வளவு தமிழ் போதும் என்ற கணக்கா,
எனக்கு நிச்சயமில்லை.

இன்று பன்மை.
கரும்பலகையில் ‘வீ’.
நாம் என்றாலும் இதுதான், நாங்கள் என்றாலும் இதுதான்.
தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.
‘அப்ப எதிர்ல நிக்கிறவன் உள்ளயா வெளியயா?
எப்படி மேடம் தெரியும்?
எங்க கேட்டுல கேள்வியே அதுதானே.’

என்னிடம் விதி இல்லை.
இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று
ஏதோ சொல்லிவைத்தேன்.

துஷ்மந்தின் போன் அதிர்ந்தது.
படிக்கட்டு வரை போய்த் திரும்பினான்.
‘நம்ம அம்மாக்கு ஜுரம் டீச்சர்.
நம்ம வீட்ல யாரும் இல்லே.’

‘எங்க அம்மான்னு சொல்லுடா’,
தணிகாசலம் வாயெடுத்துவிட்டார்.
சரிதான். இப்போதுதான் நடத்தினேன்.
சாக்பீஸ்கூட இன்னும் என் கையில்.

மெஹருன்னிசா முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.
‘எத்தனை நாளா?
நம்ம அம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?’

‘கஞ்சி குடிச்சது.
மாத்திரை பக்கத்து வீடு குடுக்கும்.’

குடுத்ததா, குடுக்கப்போவதா?
ஒருவரும் காலம் கேட்கவில்லை.
தணிகாசலம் தொப்பியைத் தலையில் வைத்தார்,
மறுபடி எடுத்தார்,
‘டிரெயின் டிக்கெட் எவ்வளவுடா ஆகும்?’ என்றார்.

ஒன்பதாகிவிட்டது.
‘வீ’யை அழிக்க மறந்து விளக்கை அணைத்தேன்.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தணிகாசலம் திரும்பி,
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து,
கேமில் நன்றாக அழுத்தி,

‘டுமாரோ ஐ கேம், மேடம்.’

‘வாங்க’ என்றேன்.