நான்காம் வரிசை

போ என்று பெயர்.
போக மனமில்லாமல் கிடக்கிறது ஆறு,
மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அப்பால்,
ஜூலை இரண்டாம் வாரம்.

கிரெமோனாச் சமவெளிக்காரர்கள் இதை அஃபா என்பார்கள்.
இரவுக் கறவைக்கு வரும் குர்தேஜுக்கு இது ஹும்மஸ்.
நாம் என்றால் புழுக்கம் என்போம்,
நெல்லை அவிக்கும்போதும் அந்தச் சொல்தான்.
மாடுகளுக்குச் சொல் இல்லை.
படுப்பதில்லை, அவ்வளவே.

நின்றபடியே விடியும்.
அசை நின்றுபோய்
வாயோரம் நூலாக இறங்கும் எச்சில்.
விலா
நிமிடத்துக்கு எண்பது தரம் ஏறி இறங்கும்.

வரிசைக்கொரு வெள்ளைப் பெட்டி,
நாக்கு எட்டாத உயரத்தில், தூணில்.
வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பிசைந்து
ஒற்றை எண்ணாக உருட்டி
ஓர்னெல்லாவின் போனுக்கு அனுப்பும்.
எழுபத்திரண்டைத் தொட்டால் விசிறி சுழலும்.
எழுபத்தொன்றரை என்றால் சுழலாது.
அதனிடம் கெஞ்ச முடியாது, அதற்குக் கையூட்டும் பிடிக்காது.

நள்ளிரவு தாண்டினால் வெப்பம் இறங்கும்.
இறங்கிய இடத்தில் ஈரம் வந்து உட்காரும்.
எண் எழுபதில் தயங்கும்.
ஒரு மணிக்கு மூன்று வரிசைகளிலும் விசிறிகள் ஓயும்.
நான்காவது மட்டும்
ஊரடங்கிய பின்னும் பேசிக்கொண்டிருப்பவனைப்போல
நாலரை வரை சுற்றும்.

"பெட்டி கெட்டுப்போச்சு" என்றாள் ஓர்னெல்லா,
கரண்டு பில்லைப் பார்த்து.
"அந்த வரிசை படுத்திருக்கு" என்றான் குர்தேஜ்,
தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில்.
"அதான் சொல்றேன், கெட்டுப்போச்சு."
அந்த வரிசையில் மாட்டுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதல்.
பால்மானியும் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழன் வருகிறேன் என்ற டிசியானோ
அடுத்த செவ்வாய் வந்தான், ஏணியோடு.
ஏறினான்.
ஏறியவன் அங்கேயே நின்றான்.

பெட்டியின் தலைமேல்
சேறும் வைக்கோலும் குழைத்த கிண்ணம்.
அதில் ஐந்து மஞ்சள் வாய்கள்.
தாய்த் தகைவிலான் அவன் காதை உரசிப் பறந்தது.
ஐந்து குஞ்சுகளின் சூடு, ஐந்து குஞ்சுகளின் மூச்சு,
மொத்தம் மூன்று எண்.

சிரித்தார்கள்.
"தட்டிவிட்டுச் சரிபண்றேன்" என்று கை நீட்டினான்.
"இரு."

ஓர்னெல்லா வரிசைகளைப் பார்த்தாள்.
பகல் பதினொரு மணி. எல்லா விசிறியும் ஓடின.
ஆனாலும் மூன்று வரிசைகள்
தூங்காத இரவைக் கண்ணில் வைத்துக்கொண்டு
குளம்பு மாற்றிக் குளம்பு மாற்றி நின்றன.
நான்காவதில் முப்பது மாடுகளுக்கு இருபத்தாறு
மணலில் கிடந்து
அவசரமே இல்லாமல் அசைபோட்டன.

"எழுபத்திரண்டுன்னு யார் சொன்னது?"
"கையேடு."
"எந்த மாட்டைக் கேட்டு எழுதினாங்களாம்?"
டிசியானோ ஏணியை மடித்தான்.
அதற்குத் தனிக் கட்டணம் போடவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று வரிசைகளுக்கு
அறுபத்தொன்பது என்று மாற்றினாள்.
நான்காவதைத் தொடவில்லை.
அதைத்தான் கூடு பார்த்துக்கொள்கிறதே.

பில் ஏறியது, பாலும் ஏறியது.
எது முந்தியது என்று
செப்டம்பரில் கணக்கர் சொல்வார்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி, அல்லது ஆறு,
இரவு இரண்டு மணிக்குக் குர்தேஜ் போன் செய்தான்.
ஓர்னெல்லா படுக்கையில் இருந்தபடி
திரையைத் தள்ளிப் பார்த்தாள்.
நான்கு பெட்டிகளிலும் எழுபது.
முதல் தடவையாக நான்கும் ஒரே எண்.
"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

"எண் சரியா இருக்கு, சின்யோரா.
குருவி பறந்துபோச்சு.
மாடு எழுந்து நிக்குது."