தலை நிமிராமல்

ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு, அதுதான் ஒப்பந்தம்.
விமானத்திலிருந்து லேசர் அளந்த மலை
திரையில் மொட்டையாய்க் கிடக்கிறது;
ரெட்வுட் மரங்களையெல்லாம்
கணினி களைந்துவிட்டது.

சரிபார்க்கத்தான் நடக்கிறேன்.
காலுறை முழுக்க ஒட்டுப்புல்.
விஷ ஓக் உரசிய மணிக்கட்டில் கொப்புளம்.

தெற்குச் சரிவில் காடு சட்டென்று நின்றுவிடுகிறது.
சில்வேராக்களின் பண்ணை, எழுபத்தொன்று வரை.
அவர்கள் அடித்த முள்கம்பியை
ஓக் மரம் விழுங்கியிருக்கிறது,
ஒரு முனை மட்டும் வெளியே, மீன்முள் மாதிரி.
சிதைந்த வேலி: குறியீடு உண்டு, போட்டேன்.
மாடு தண்ணீர் குடித்த பழைய குளியல் தொட்டி:
கறுப்பில் ஒரு பெருக்கல் குறி.

அப்புறம் அந்தப் படிகள்.
முழங்கால் உயரத்துக்கு ஒன்றாய்
சரிவு நெடுக, ஒன்றின்கீழ் ஒன்று.
அதை இரைச்சல் என்று
மென்பொருள் நீக்கியிருந்தது.

‘மாடுகள்தான்,’ என்றாள் ரேஞ்சர் ஒடெட்.
‘ஏறச் சோம்பல். குறுக்கே குறுக்கே
மேய்ந்த தடம்.’

மட்டம் பார்க்கும் கருவியை வைத்தேன்.
நூறு தப்படிக்கு
ஒரு சாண்கூட ஏறவில்லை.

மதியத்துக்கு மேல் வேலை ஓடவில்லை எனக்கு.
அரை மீட்டருக்கு ஒரு கோடு,
யாரும் கேட்காமல்,
போட்டுவைத்துப் போயிருக்கின்றன
தலை நிமிராமல்.