வெற்று வண்டி

களக்காட்டுக்குக் கிழக்கே, நாங்குநேரி ரோட்டில்
எடைமேடை.
ஒரே லாரியை இரண்டு தடவை ஏற்றுவேன்:
வெறும் வண்டியாக ஒரு தடவை,
ஏத்தன் தார் அடுக்கி ஒரு தடவை.
பின்னதில் முன்னதைக் கழித்தால் வாழைக்காய்.
என் உத்தியோகம் கழித்தல்.

இந்தப் பழக்கம் காதுக்கும் வந்துவிட்டது.
யாராவது பேச வந்தால்
சத்தத்தைக் கழிப்பேன், மீசையைக் கழிப்பேன்,
"எங்க சித்தப்பா ஏட்டையா" என்பதைக் கழிப்பேன்.
மாசானம் டீக்கடையில் "ஊரே சொல்லுது" என்பார்.
ஊரில் யார் என்று கேட்டால்
அவரும் அவர் மச்சினனும்.
சில பேருக்கு மிச்சம்
ஒரு சீப்புகூட நிற்காது.

ஆனி மாசம், சாரல் இறங்கிய வெள்ளிக்கிழமை,
சுடலைக்கண்ணு சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.
"ஏட்டி, எண்பது கிலோ எங்க?
நீ இந்த நாற்காலியில உக்காந்த பெறவுதான்
என் தார் இளைக்குது."
காக்கா உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.
மனசுக்குள் சீட்டு அடித்தேன்: சரக்கு, பூஜ்யம்.
"பொம்பளைக்கு என்ன தெரியும் டன் கணக்கு?"
பூஜ்யம்.
"ஒண்ணு மிசின் களவாணி, இல்ல நீ களவாணி.
ரெண்டுல எது, சொல்லு."
மூன்றாவது கதவைச் சாத்திவிட்டு
வழி கேட்கிற ஆள். எனக்குத் தெரியாதா.

தரகர் ஞானதிரவியம் குறுக்கே வந்தார்:
"பத்து வருசமா மலையாளத்து வியாபாரி
இந்தச் சீட்டைத்தான் வாங்குதான்.
அத்தனை பேரும் மடையனா, வே?"
அதுவும் பூஜ்யம்தான்.
என் பக்கம் சாய்ந்த பூஜ்யம். கழிக்கவில்லை.
மேலே கொஞ்சம் நானே ஏற்றினேன்:
"முத்திரை போட்ட மிசின், அண்ணாச்சி.
இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல.
நீங்கதான் காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்து நிக்கிய."

எல்லோரும் சிரித்தார்கள்.
சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பொட்டுச் சாராய வாடை இல்லை அவர்மேல்.
அது எனக்கு அப்போதே தெரியும்.

ராத்திரி ஷட்டரை இறக்க மனசு வரவில்லை.
இருபது கிலோ இரும்புக்கல் பத்தையும்
ஒவ்வொன்றாக இழுத்து மேடையில் வைத்தேன்.
நூற்றைம்பது என்றது.
கல்லை நகர்த்தி மறுபடி வைத்தேன்.
நூற்றைம்பது.
டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்தால்
மேடைக்கும் சட்டத்துக்கும் நடுச்சந்தில்
ஒரு ஜல்லி.
ரோடு போட வந்த டிப்பரிலிருந்து தெறித்திருக்கும்.

மிசினும் களவாணி இல்லை, நானும் இல்லை.
சுடலைக்கண்ணு சொன்ன காரணத்தில் ஒன்றும் தேறவில்லை.
எண்பதோ எழுபதோ, குறைந்தது மட்டும் நிசம்.
ஓட்டை வண்டியிலும் நல்ல சரக்கு வரும் என்று
இரண்டு வருசக் கழித்தலில்
எனக்குத் தோன்றவேயில்லை.

விடிந்ததும் போன் போட்டேன்.
"கல்லு சிக்கியிருந்துச்சு, அண்ணாச்சி.
முதலாளிகிட்ட சொல்லிட்டேன். எண்பதுக்கும் துட்டு வரும்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம்.
"நான் அப்பவே சொன்னேம்லா," என்றார்,
"பொம்பளை உக்காந்தா வெளங்காதுன்னு."

நாக்கு நுனிவரை வந்தது,
காக்காயும் பனம்பழமும்.
"ஊத்திக்கிட்டு வந்தியன்னு சொன்னேன்லா,
அது பொய், அண்ணாச்சி" என்றேன்.
கேட்டாரோ என்னவோ, லைன் போயிருந்தது.

ஜல்லி இப்போது என் மேசையில்
சீட்டுகள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
எவ்வளவு இருக்கும் என்று
ஒருநாள் மேடையில் வைத்துப் பார்த்தேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மிசினுக்கு எதுவும் தெரியாது.