முதலில் வைத்த பெயர்

வலை அசைந்ததும் எர்சிலியா ஓடினாள்.
சுப்ரமோந்தேயின் சுண்ணாம்புப் பாறைமேல்
இருட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை.
திரும்பி வருகையில் அவள் கையில்
காய்ந்த சருகை அள்ளி வந்ததுபோல் ஒரு பறவை,
கண் மட்டும் ஈரமாய்.

எண்பத்தொரு கிராம். ஆண். சிறகில் வெண்பொட்டு.
குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
காப்ரிமுல்கஸ் யூரோப்பியஸ்.

லரேந்து எட்டிப் பார்த்தார்.
நூற்றுப்பத்து ஆடுகள் அவருக்கு,
பள்ளிக்கூடம் நாலு வருஷம்.
"வாசி" என்றார். வாசித்தேன்.
"இன்னொரு தடவை."

லத்தீன் தெரியாது. தேவையும் இல்லை.
அவர் ஊர்ப் பேச்சில் ஆடு கிராபா,
கறப்பது முர்கெரே.
விடியலில் வாளியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
தினம் அவர் சொல்லும் சொற்கள்தாம்
என் குறிப்பேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆடு கறப்பவன் என்றா எழுதியிருக்கிறாய்?
இதையா?"

எர்சிலியா அலகைத் திறந்து காட்டினாள்.
நகக்கண் அளவு அலகு; அதன் பின்னால்
காதுவரை கிழிந்த வாய்.
பல் இல்லை. உதடு இல்லை.
உள்ளே, அந்துப்பூச்சி ஒன்று
விட்டுப்போன சாம்பல் தூள்.
ஆட்டைச் சுற்றிப் பூச்சி, பூச்சியைச் சுற்றி இது.
மடி வற்றியதோ ஏதோ நோயில்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என் மொழியில் இது பக்கி.
பந்தியில் முந்துகிறவனைத் திட்டவும் அதே சொல்.
அவரிடம் அதை நான் சொல்லவில்லை.

"தப்பென்று தெரிந்தபின் அழிக்கக் கூடாதா?"
"கூடாது. முதலில் வைத்ததுதான் நிற்கும்.
அப்படியொரு விதி."
"பொய்யாக இருந்தாலும்?"
"இருந்தாலும்."

அவர் சிரித்த சிரிப்பில் வலைக்கம்பு ஆடியது.

அவர் வீட்டாருக்கு ஊரில் மணிதிருடிகள் என்று பெயர்.
அப்பா காலத்தில் காணாமல் போன
யாரோ ஒருவர் செம்மறியின் கழுத்துமணி.
பதினோரு வருஷம் கழித்துப் பாறைப்பிளவில் கிடைத்தது,
எலும்பின் கழுத்திலேயே.
ஊரே போய்ப் பார்த்தது.
மறுநாள் மதுக்கடையில் ஒருவன் கூப்பிட்டானாம்:
"மணிதிருடி மகனே, கேட்டாயா,
மணி கிடைத்துவிட்டது."

வளையம் மாட்டினோம். எண்ணை எழுதினேன்.
பறக்கவிடுவது தான்தான் என்று
லரேந்து கையை நீட்டினார்.
கறந்து கறந்து காய்ப்பேறிய உள்ளங்கை.
அதில் அது போகாமல் கொஞ்சம் கிடந்தது,
நடுவிரல் நகத்தின் சீப்புப் பற்கள்
அவர் ரேகையில் மாட்டியிருந்தன.

"போடா, திருடா" என்றார்,
ஊர் அவரைக் கூப்பிடும் அதே குரலில்.

போயிற்று.
சற்றுப் பொறுத்து, ஜூனிப்பர் புதருக்கு மேலே
யாரும் நிறுத்த மறந்த தையல் எந்திரம்.
பட்டியில் ஓர் ஆடு தலை தூக்கியது.
பிறகு அசைபோட்டது.