படம் தெளிவில்லை

இரவு இரண்டு மணி. மழை.
வெல்லாவெளிப் பக்கம் தாம்போதிக்கு மேலால் வெள்ளம்,
அம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்ததாம்.
தவரூபி, முப்பத்தெட்டு வயது.
காய்ச்சல். நாடி நூற்றிருபத்தெட்டு.
இடது தோளில் நோவு.
மூன்று நாளாய் அந்தத் தோளுக்குத்தான்
சித்தாலேப பூசியிருக்கிறார்கள்,
மணம் அறைக்குள் முதலில் வந்தது.

"என்ன ஒப்பரேஷன்?"
"பித்தப்பைக் கல்லு" என்றார்
கூட வந்த மச்சான் யோகரெத்தினம்.
"கொழும்பில. பன்னிரண்டு நாளாகுது."
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
கடிதத்தில் வேறு எழுதியிருந்தது.
கடிதம் இங்கிலிஷ்.
மடித்து என் பையில் வைத்தேன்.

மருந்துத் தண்ணீர் கைக்கும்.
ஒரு மிடறு குடித்தாள். ஓய்ந்தாள். இன்னொரு மிடறு.
இவ்வளவு மெதுவாய் விழுங்கக்
காசு கொடுத்துப் பழகியவள்.

"நரம்பால மருந்து போகக்குள்ள உடம்பெல்லாம் சுடும்.
மூத்திரம் போன மாதிரி இருக்கும். போகாது, பயப்பிடாதீங்க."
"போனாலும் ஆருக்குத் தெரியப் போகுது" என்றாள்.

இயந்திரம் இங்கிலிஷில்தான் மூச்சிழுக்கச் சொல்லும்.
அதன் வாயை அடைத்துவிட்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானே சொன்னேன்:
மூச்ச இழுங்க. புடிங்க. புடிங்க.

விடுங்க.

பித்தப்பை அதன் இடத்திலேயே இருந்தது,
ஒரு கல்லும் இல்லாமல்.
இரைப்பையில்தான் ஓரம் மட்டும் மிச்சம்:
பெருவிரல் தடிப்பில் ஒரு குழாய்,
அதன் நீளத்துக்கு உலோகத் தையல்,
சட்டைச் சிப் போல வெள்ளைப் பல்வரிசை.
சிப்பின் மேல் நுனியில்,
உணவுக்குழாய் வந்து சேர்கிற முடக்கில்,
ஒரு கீற்று.

மாரியில் முகத்துவாரத்தில் மண்மேட்டை வெட்டிவிடுவார்கள்.
முதலில் ஒரு மண்வெட்டி அகலத்துக்குத்தான் தண்ணீர் போகும்.
இது ஆரும் வெட்டாமல் திறந்தது.
குடித்த மருந்து அதால் கசிந்து
மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்குக் கீழே
குளமாய்க் கட்டி நின்றது,
நடுவில் காற்றுக் குமிழ்கள்.
தோள் ஏன் நொந்ததென்று
சித்தாலேபவுக்கு எப்படித் தெரியும்.

சேர்ஜனுக்கு அழைப்பெடுத்தேன்.
கதவடியில் யோகரெத்தினம்:
"கல்லு ஏதும் மிச்சம் கிடக்கா, மிஸ்?"
"டொக்டர் சொல்லுவார்."
பதினேழு வருடமாய் இந்தக் கதவில்
நான் சொல்கிற ஒரே வசனம்.

குழாயைக் கழற்றும்போது மெல்லக் கேட்டாள்:
"மூணு வருசத்துக்கு முதல் இஞ்சதான் ஸ்கேன் எடுத்த நான்.
உடற்பருமனால் ஈரல் தெளிவில்லை எண்டு எழுதித் தந்தவங்க.
கந்தோரில ஒருத்தர் அத எடுத்து வாசிச்சுப் போட்டார்.
பசளை மானியத்துக்கு நிண்ட வரிசை முழுக்கக் கேட்டுது."

மூச்சு வாங்கினாள்.
"இப்ப தெரியுதா?"

எல்லாம் தெரிந்தது.
ஈரலை மட்டும் சொன்னேன்:
"ஓம். வடிவாத் தெரியுது."

"வடிவா," என்றாள்,
அந்த ஒரு சொல்லை மட்டும்,
மிடறு மிடறாய்.

தள்ளுவண்டி சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் திரும்பியது.
மேசையைத் துடைத்தேன்.
அடுத்தது ஏறாவூர், மோட்டார்சைக்கிள், பதினெட்டு வயது,
பெயர் இன்னும் வரவில்லை.